சேர்ந்து கட்டும் பாட்டு

ஒரே பஞ்சாலை. ஒரே ஷிப்ட். இந்த மிஷினில் திண்டுக்கல் பக்கத்துப் பையன். அடுத்த மிஷினில் ஒடிசாவிலிருந்து வந்த பையன். இருவருக்கும் வயது இருபதுதான் இருக்கும். இருவர் மூக்கிலும் ஏறுவது ஒரே பஞ்சுத் தூசிதான். சங்கு ஊதியதும் என்ன நடக்கிறது? இவன் பஸ் ஏறி ஊருக்குப் போகிறான். அவன் கம்பெனி ஹாஸ்டலுக்குள் போய் அடைகிறான். ஒருவன் பெயர் மற்றவனுக்குத் தெரியாது. இவனுக்கு அவன் வெறும் 'இந்திக்காரன்'. அவனுடைய தாய்மொழி இந்தியே அல்ல, ஒடியா என்பதுகூட இவனுக்குத் தெரியாது.

இந்த இடைவெளியில் விஷம் தூவுவது எவ்வளவு சுலபம் என்பதை 2023 மார்ச் மாதத்தில் கண்ணாரப் பார்த்தோம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் கைபேசிக்குக் கைபேசி பறந்தன. வேறெதற்கோ நடந்த சம்பவங்களை எடுத்து ஒட்டிய பொய்கள் அவை. பலர் பயந்து மூட்டை கட்டினார்கள். பீகார் சர்க்கார் நிலைமையைப் பார்த்துவர ஓர் அதிகாரிகள் குழுவையே இங்கு அனுப்பியது. தமிழ்நாடு போலீஸ் வழக்குகள் போட்டது. பொய் வெளுத்தது. அது சரி. நாம் கேட்பது வேறு: அடுத்த மிஷினில் நிற்கும் தமிழ்ப் பையனிடம் "இது நிஜமா?" என்று கேட்க அவனுக்கு ஏன் வாய் வரவில்லை? கேட்கிற அளவுக்குப் பழக்கம் இல்லை!

பழக்கத்தை உண்டாக்குவது எப்படி? கூட்டம் போடலாம். பல மொழியில் நோட்டீஸ் அடிக்கலாம். இரண்டும் வேண்டும். ஆனால் வாலிபர்கள் விஷயத்தில் இன்னொரு வழியும் உண்டு: சேர்ந்து உட்கார்ந்து பாட்டுக் கட்டுவது. தோழர்கள் சிரிக்க வேண்டாம். நிறபேதம் சட்டமாகவே இருந்த அமெரிக்கத் தென் மாநிலங்களில் இது நடந்திருக்கிறது.

1945 அக்டோபரில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் சுருட்டு ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். வெள்ளைத் தொழிலாளர் சிலரும் சேர்ந்து நின்றார்கள். ஆலைக்குள் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் வேலை செய்யும் இடம்கூடத் தனித்தனி. வெளியே மறியலில் நிற்கும் இடம் ஒன்றாயிற்று! குளிர்காலம் முழுவதும், மழையிலும் காற்றிலும், அடுத்த ஆண்டு வசந்தம் வரை அந்தப் போராட்டம் நீடித்தது. ஒவ்வொரு நாள் மறியல் முடிவிலும் லூசில் சிம்மன்ஸ் என்ற தொழிலாளி ஒரு பழைய தேவாலயப் பாட்டை நீட்டி நிதானமாகப் பாடுவார். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள்.

தேவாலயத்தில் அந்தப் பாட்டில் இருந்த சொல் 'நான்'. மறியல் வரிசையில் அது 'நாம்' ஆயிற்று. யாரும் மேஜை போட்டு உட்கார்ந்து மாற்றியதல்ல. கூலிக்காக ஒன்றாக நனைந்தவர்கள் வாயில் அது தானாக மாறியது.

டென்னஸி மலைப் பகுதியில் 1932-இல் தொடங்கிய ஹைலாண்டர் நாட்டார் பள்ளி என்று ஒன்று இருந்தது. தொழிலாளர்களுக்கான பள்ளி அது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து படிப்பதை அந்த மாநிலச் சட்டம் தடுத்தது. அந்தப் பள்ளியிலோ சேர்ந்து படித்தார்கள். ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். ஒரே கூரைக்கடியில் படுத்தார்கள். அங்கே பாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஸில்ஃபியா ஹார்ட்டன் என்ற வெள்ளை மாது. தமக்குத் தெரிந்த பாட்டைச் சொல்லிக்கொடுப்பதோடு அவர் நிற்கவில்லை. வருகிறவர்களின் ஊர்ப்பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்பார். அவர்களையே புதிதாகக் கட்டவும் வைப்பார். சார்ல்ஸ்டன் தொழிலாளர்கள் மூலம் அந்தப் பாட்டு அவரிடம் வந்து சேர்ந்தது. 1947-இல் பீட் சீகர் அவரிடம் கற்றுக்கொண்டு, ஒரு சொல்லை மாற்றி, சில அடிகள் சேர்த்தார்.

1959 ஜூலை 31 இரவு போலீஸ் அந்தப் பள்ளிக்குள் புகுந்தது. விளக்குகள் அணைந்தன. மாண்ட்கோமரி நகரிலிருந்து வந்திருந்த சிறுவர் சிறுமியர் இருட்டில் உட்கார்ந்து அந்தப் பாட்டைப் பாடினார்கள். அப்போது ஜமீலா ஜோன்ஸ் என்ற பதினான்கு வயதுச் சிறுமி அதில் இல்லாத ஓர் அடியை எடுத்துப் போட்டாள். எங்களுக்குப் பயமில்லை என்பது அதன் கருத்து. கூட இருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இவ்வளவு சத்தமாகப் பாடித்தான் ஆகவேண்டுமா என்று ஒரு போலீஸ்காரர் நடுக்கத்தோடு கேட்டதாக அவர் பிற்காலத்தில் சொன்னார். துப்பாக்கி வைத்திருந்தவர் அவர்!

1961-இல் அந்தப் பள்ளியையே மூடினார்கள். ஆனால் பாட்டு அதற்கு முன்பே வெளியேறிவிட்டது. 1960 ஏப்ரலில் ராலே நகரில் கறுப்பின மாணவர்களின் மாநாடு. உணவு விடுதிகளில் தங்களுக்கும் பரிமாற வேண்டும் என்று போராடி அடிபட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். கை கரவான் என்ற வெள்ளை வாலிபர் கிட்டாரோடு அங்கே இந்தப் பாட்டைப் பாடினார். மாணவர்கள் அவர் பாடியபடியே பாடவில்லை. தங்கள் தேவாலயத் தாளத்துக்கு அதை இழுத்துக்கொண்டார்கள். அவரும் விட்டுக்கொடுத்தார்! நமக்கு அந்தக் கட்டம்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. 'நான் கற்றுக்கொடுத்த பாட்டு, கெடுக்காதே' என்று அவர் பிடிவாதம் பிடித்திருந்தால் அது அவருடைய பாட்டாகவே இருந்து போயிருக்கும். 1965-இல் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனே காங்கிரசில் நின்று அந்தச் சொற்களை உச்சரிக்க வேண்டி வந்தது. அதைவிட இந்த விட்டுக்கொடுத்தல் பெரிது.

இந்தப் பாட்டு நம் ஹாஸ்டல் பையன்களுக்குப் புதிதல்ல. கிரிஜா குமார் மாத்தூர் இந்தியில் ஆக்கிய வடிவத்தைப் பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் வரிசையில் நின்று பாடியிருப்பார்கள். அது பிறந்த மறியல் வரிசையைப் பற்றி மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதையே எடுத்துப் பாடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அது கட்டப்பட்ட விதத்தைப் பாருங்கள் என்கிறோம்.

நம் பழக்கம் என்ன? ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். ஆலை வாசலில் நம் கலைக்குழு வந்து இறங்குகிறது. பறை முழங்குகிறது. எங்கோ எழுதி, ஒத்திகை பார்த்த தமிழ்ப்பாட்டைப் பாடுகிறோம். வடநாட்டுப் பையன்கள் ஓரமாக நின்று கை தட்டுகிறார்கள். 'ஒற்றுமை நிகழ்ச்சி சிறப்பாக நடந்தது' என்று அறிக்கை எழுதுகிறோம். எந்த ஒற்றுமை? அவர்கள் விருந்தாளிகளாக வந்தார்கள், விருந்தாளிகளாகவே போனார்கள். அவர்களிடம் பாட்டு இருக்கிறதா என்று நாம் கேட்கவே இல்லை.

இருக்கிறது, தோழர்களே! பீகாரில் போஜ்புரி மொழியில் பிகாரி தாக்கூர் என்ற நாவிதர் குலத்துக் கலைஞர் இருந்தார். பிழைப்புக்குக் கல்கத்தா போன கணவனுக்காக ஊரில் காத்துக் கிடக்கும் பெண்ணின் கதையை 'பிதேசியா' என்ற நாடகமாக்கி ஊர் ஊராக ஆடினார். நம்மிடம் அந்தக் கதை இல்லையா? கண்டிக்கும் ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் கங்காணி பின்னால் போனவர்கள் யார்? தேயிலைத் தோட்டத்தில் நம் ஜனங்கள் பாடிய பாட்டுகளை சி. வி. வேலுப்பிள்ளை திரட்டி வைத்திருக்கிறார். 1960-களின் பிற்பகுதியில் பம்பாயில் 'மதராஸி' என்று ஏசி அடித்தார்களே, அப்போது அங்கே மூட்டை கட்டியவர்கள் நம்மவர்கள். ஊரை விட்டு வந்தவன் பாட்டு இரு மொழியிலும் ஒரே பாட்டுத்தான். அங்கிருந்து தொடங்கலாம்.

வயலிலும் இதே கதை. காவிரிப் படுகையில் இப்போது வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் நடவுக்கு ஆட்கள் வருகிறார்கள். நம் பெண்களுக்கு நடவுப் பாட்டு உண்டு. பீகார் பெண்களுக்கும் நாற்று நடும்போது பாட 'ரோப்னி' பாட்டு உண்டு. ஆனால் நம் பெண்கள் அவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நடவு வேலை கைவிட்டுப் போகிறது. அந்த வயிற்றெரிச்சலைப் பாட்டால் மூட முயல்வது மோசடி. சமகூலிக்கும் வேலை நாளுக்கும் சங்கம்தான் போராட வேண்டும். பாடினால் கூலி உயராது. ஆனால் ஏஜெண்டுகள் இரண்டு கூட்டத்தையும் மோதவிட்டுக் கூலியை அமுக்கும்போது, எதிர்க் கூட்டத்தில் நாலு பேரை முகம் தெரிந்தால் சங்கத்தின் வேலை பாதி சுலபம்.

'இந்தியை நாமே உள்ளே கூட்டிவருவதா?' என்று ஒரு கேள்வி வரும். திணிப்பு என்பது ஒரு மொழியை இன்னொருவன் வாயில் அடைப்பது. இங்கே அவரவர் அடி அவரவர் மொழியில். ஒடியாவில் ஒன்று, வங்காளியில் ஒன்று, சந்தாலியில் ஒன்று, தமிழில் ஒன்று. பல்லவி மட்டும் எல்லோருக்கும் பொது. இரண்டு மூன்று சொல் போதும். முன்னால் ஒருவன் எடுக்க, பின்னால் மற்றவர்கள் வாங்குவது நமக்கும் பழக்கம், அவர்களுக்கும் பழக்கம். ஒவ்வொரு அடிக்கும் அர்த்தம் கேட்டுத்தான் அடுத்த அடிக்குப் போகவேண்டும். அர்த்தம் கேட்கும்போதுதான் பேச்சு பிறக்கிறது: உன் ஊரில் கூலி என்ன? ஏஜெண்ட் எவ்வளவு பிடிக்கிறான்? அம்மாவுக்கு எப்போது பணம் அனுப்பினாய்?

வடக்கும் தெற்கும் இருக்கட்டும். ஒரே கிராமத்தில் ஊர்த்தெருப் பையனும் காலனிப் பையனும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பாட்டுக் கட்டியதுண்டா? திருவிழாவில் எவன் பாட்டை எந்தத் தெருவில் போடுவது என்று மண்டை உடைகிறது. அங்கே இந்த வேலை இன்னும் கஷ்டம், இன்னும் அவசரம்.

சம்பா நடவுக்கு வெளி மாநிலக் கோஷ்டிகள் மறுபடி வருவார்கள். களத்துமேட்டிலும் பம்புசெட்டுக் கொட்டகையிலும் தங்குவார்கள். அவர்கள் வந்து இறங்கும் முதல் வாரத்திலேயே நம் வாலிபத் தோழர்கள் நாலு பேர் மாலையில் அங்கே போகட்டும். கையில் எழுதி வைத்த பாட்டு எதுவும் வேண்டாம். தாளத்துக்கு ஒரு தகரம் இருந்தால் போதும்.