கர்ப்பஸ்திரீகளும் மருந்துச் சோதனையும்

கர்ப்ப காலத்தில் ரத்தக் கொதிப்பு மிகுந்தால் வலிப்புக் கண்டு தாயும் சிசுவும் மாள்வதுண்டு. இதற்கு வைத்தியர்கள் கொடுக்கும் மருந்துகள் பல்லாண்டுகளாக வழக்கிலிருப்பவை. ஆயினும் அவற்றில் எது சிறந்ததென ஒப்பிட்டுச் சோதித்தது சொற்பமே.

காரணம் அச்சம். தாலிடமைட் என்னும் மருந்தால் ஆயிரக்கணக்கான சிசுக்கள் அங்கஹீனமாய்ப் பிறந்த கொடுமை 1961-ல் வெளிப்பட்டது முதல், கர்ப்பிணிகளைச் சோதனையில் சேர்ப்பதே பாபமென்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அம்மருந்தோ கர்ப்பிணிகளிடம் முறையாகச் சோதிக்கப்படாமலே விற்கப்பட்டது! சோதனையை விலக்கினோர் ஆபத்தை விலக்கினாரல்லர். பழக்கத்தை நம்பி மருந்து கொடுத்து, விளைவைக் குறித்து வையாத சோதனையைப் பிரசவ ஆஸ்பத்திரிதோறும் நடக்க விட்டனர்.

லாபமின்மையும் ஒரு தடை. மக்னீஷியம் சல்பேட் மலிவான உப்பு. சென்ற நூற்றாண்டின் ஆரம்ப முதலே வலிப்புக்கு வழங்கியது. வலிப்பு வரும் அபாயத்தை அது பாதிக்குமேல் குறைக்கிறதென்று ருசுவானது 2002-ல்தான். அதற்கு 33 நாடுகளில் சுமார் 10,000 ஸ்திரீகளைச் சேர்க்க வேண்டியிருந்தது.

நம் தேசத்தில் இது இயலாததன்று. 2015 முதல் 2017 வரை நாகபுரியின் இரண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிகளில், கொதிப்பு முற்றிய 894 கர்ப்பிணிகளுக்கு நிபெடிபின், லாபெடலால், மெதில்டோபா என்ற மாத்திரைகளில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தனர். மூன்றும் பயன்பட்டன, நிபெடிபின் மெதில்டோபாவைவிடச் சற்றே மேலாயிற்று. ஊசி மருந்துக்கு வழியில்லாத கிராமத்துக்கு இச்செய்தி எவ்வளவு பெரிது!

இத்தகைய ஆராய்ச்சிக்கு மருந்துக் கம்பெனிகள் பணம் போடா, சர்க்காரே போடவேண்டும். ஆனால் கொதிப்பேறி மயங்கிக் கிடப்பவளிடம் கைநாட்டு வாங்குவது சம்மதமாகாது. மாதப் பரிசோதனைக்கு வரும்பொழுதே, மறுத்தாலும் சிகிச்சை குறையாதென்று அவள் பேசும் பாஷையில் எடுத்துரைத்து, அவள் முடிவைக் கேட்டு வைத்தல் வேண்டும்.