கைடு எதுக்குன்னு கேக்குற மகராசன்களுக்கு

முதுகுல மூட்டையோட நானும் நண்பனும் அகத்தியமலை (1868 மீட்டர்) ஏறிட்டு வந்தோம். கேரளாப் பக்கம் போனக்காட்டுல கிளம்பி நாள் முழுக்க மழைக்காட்டுக்குள்ள நடை, அதிருமலை முகாம்ல தூக்கம், மறுநாள் பாறையில கயிறு பிடிச்சு உச்சி.

இறங்கினதும் ஐயா ஆரம்பிச்சுட்டார். "கூட வந்த காணிக்காரர் என்ன பண்ணார் மச்சி? முன்னாடி நடந்தார். அதுக்குக் காசா? ஜிபிஎஸ் போதாதா?" இதையே நம்மாளுங்களும் பதிவு பதிவா எழுதுறாங்க. அதான் கடுப்பு.

அடேய், யானை லத்தியைப் பாத்துட்டு உன்னை அரைமணி நேரம் உக்கார வச்சாரே, அது எந்த ஜிபிஎஸ்ல வரும்?

1987-ல இந்த மலைக்காட்டுக்கு வந்த ஆராய்ச்சியாளர்களும் உன்னை மாதிரிதான் மூச்சு வாங்கினாங்க. வழிகாட்ட வந்த காணிக்காரங்க மட்டும் ஏதோ ஒரு காயைத் தின்னுக்கிட்டு அலுப்பில்லாம நடந்தாங்க. என்னன்னு கேட்டா சட்டுனு சொல்லலை. ரொம்பக் கேட்டப்புறம் காட்டின செடிதான் ஆரோக்கியப்பச்சை. அப்புறம் ஆய்வகம், 'ஜீவனி'ன்னு மருந்து, வியாபாரம். உரிமத்தொகையில பாதி காணிகளுக்குன்னு ஏற்பாடாச்சு, அதுக்கே உலகம் பூரா கைதட்டு. (பாதிதானான்னு எனக்குக் கேக்கத் தோணுது. சரி, விடுங்க.)

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு மூணுநாள் கூலி குடுக்க உனக்கு வலிக்குது. கால்ல போட்டிருந்த ஷூ மட்டும் எட்டாயிரம்!

அடுத்த வருசம் வர்றதா இருந்தா கூலியை முதல்லயே எடுத்து வை மச்சி. ரெண்டாம் நாள் உன் மூட்டையை அவர் தூக்கினதுக்கும் சேர்த்து :-)