அருவிக்குக் கூட்டிட்டுப் போறவருக்கு ஆத்தைப் படிக்கத் தெரியுமா?

வீக் எண்ட் வந்தா இன்ஸ்டா முழுக்க தண்ணிதான். 'யாருக்கும் தெரியாத அருவி', 'ஆத்துக்குள்ளயே நடந்து போய் ஒரு குளியல்', 'கைடு, சாப்பாடு, வேன் எல்லாம் சேர்த்து ஒரே ரேட்'னு பேக்கேஜ் விளம்பரங்கள் வரிசை கட்டுது. வாரம் முழுக்க ஸ்கிரீனையே பார்த்துட்டிருக்கிற நமக்கு அந்த ஆசை வர்றதுல தப்பே இல்ல. ஆனா, கூட வர்ற கைடு என்ன தெரிஞ்சவர்ங்கிறதை விளம்பரத்துல தேடிப் பாருங்க. பெரும்பாலும் இருக்காது.

2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தன் உயிரிழந்தான். ஜூன்ல ஆரம்பிக்கிற சீசன்கூட அப்போ வரல. அது கோடை மழை. அதே வருஷம் ஜூன் 30, மகாராஷ்டிராவின் லோனாவாலா. பூஷி அணைக்குப் பக்கத்து அருவியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 5 பேரைத் தண்ணி அடிச்சுட்டுப் போச்சு. நடு ஓடையில் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிச்சு நின்ன அந்த வீடியோவை நம்மில் பலர் பார்த்திருப்போம். ரெண்டு இடத்துலயும் தண்ணி ஏறினது நிமிஷக் கணக்குல.

ஆறு, நீச்சல் குளம் இல்ல

தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கானா, அது நம்மைத் தள்ளுற விசை நாலு மடங்காகும். அதனாலதான் முழங்கால் அளவுத் தண்ணியே ஆளைச் சாய்ச்சுடுது. அருவி விழுற இடத்துல வெள்ளையா பொங்குற நுரையில் காத்து கலந்திருக்கு. அங்க மிதக்கிறது கஷ்டம். மேல இருந்து விழுற தண்ணி ஆளை அடியிலயே திரும்பத் திரும்ப இழுக்கவும் செய்யும். குளத்துல நல்லா நீந்துறவங்களும் தடுமாறுறது இதனாலதான்.

காவிரி மாதிரி பெரிய ஆத்துக்கு பிலிகுண்டுலுவில் அளவு நிலையம் இருக்கு. நீர்வரத்து கூடினா ஒகேனக்கல்லில் பரிசலையும் குளியலையும் நிறுத்திடுவாங்க. மலையில இருக்கிற சின்ன ஓடைக்கு அந்த வசதி கிடையாது. அங்க கைடுதான் அளவுகோல். தெளிஞ்ச தண்ணி திடீர்னு கலங்குதா, இலையும் குச்சியும் மிதந்து வருதா, சத்தம் மாறுதா, மேல மலையில மேகம் கறுக்குதானு பார்த்து, எல்லாரையும் உடனே மேட்டுக்கு ஏத்தத் தெரியணும். கூகுள் மேப்பை வச்சு வழி காட்டுறவரால இது முடியாது.

தடை மட்டும் போதுமா?

ஒரு விபத்து நடந்தா முதல்ல வர்றது தடை. வெள்ளம் வர்ற அன்னிக்கு அது கட்டாயம் வேணும். ஆனா, நிரந்தரமா பூட்டினா கூட்டம் நிக்காது. கம்பி வேலியும் காவலும் இல்லாத இன்னொரு ஓடைக்குப் போகும்.

மலையேற்றத்துல இதை ஏற்கெனவே பார்த்தாச்சு. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ 23 உயிர்களை எடுத்துச்சு. அதே வருஷம் தமிழ்நாடு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்துச்சு. 2024 அக்டோபரில் 40 பாதைகளோட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்குச்சு. அந்தக் காட்டையே அறிஞ்ச பழங்குடி இளைஞர்கள் அதில் வழிகாட்டிகளா இருக்காங்க. பாதுகாப்பும் கிடைக்குது, வருமானமும் ஊர்க்காரங்களுக்கே போகுது. ஆத்துல இறங்குறதுக்கும் இதே மாதிரி தனி ஒழுங்கு வேணும்: நீச்சல், மீட்புப் பயிற்சி, லைஃப் ஜாக்கெட், வீசுற கயிறு, ஒரு கைடுக்கு இத்தனை பேர்தான்னு ஒரு கணக்கு.

அது வர்ற வரைக்கும், புக் பண்றதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. வனத்துறை அனுமதி இருக்கா? எத்தனை பேருக்கு ஒரு கைடு? ஜாக்கெட், கயிறு எடுத்துட்டு வர்றீங்களா? மழை வந்து ரத்தானா பணம் திரும்ப வருமா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். பணத்தைத் திருப்பித் தராத இடத்துல, 'எப்படியாவது இறங்கிடலாம்'ங்கிற அழுத்தம் கைடு மேலயும் இருக்கும், நம்ம மேலயும் இருக்கும். 'தண்ணி சரியில்ல, திரும்பிடலாம்'னு ஒருத்தர் சொன்னா, கடுப்புல ஒரு ஸ்டார் போட்டுடாதீங்க. நீங்க காசு குடுத்ததே அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.