பழைய யந்திரமும் புதுப் படமும்

பழைய கம்ப்யூட்டரில் டெலிவிஷன் படம் விக்கி விக்கி நகர்ந்தால், யந்திரத்தையே கழித்துவிட எண்ணுவோர் பலர். அவசரம் வேண்டாம். சுருங்கி வரும் படத்தை விரித்துக் காட்டுவது பெரும் வேலை. 2013-ல் பிறந்த எச்.265 முறையில் வரும் படத்தை விரிக்கப் பழைய பிராசஸர் திணறும். அச்சுமையை ஏற்கும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பொருத்திவிட்டால் படம் ஆற்றொழுக்காய் ஓடும்.

ஆயினும், மலிவு கண்டு மயங்கலாகாது. என்விடியா ஜிடி 710 கார்டுக்கு எச்.265 தெரியாது. 2017-ல் வெளிவந்த ஜிடி 1030, 30 வாட்டுக்கு மேற்படாத மின்சாரத்தில் அதை விரிக்கும். ஆனால் 2018-ல் வந்த ஏவி1 முறையை அறியாது. ஆதலின், படம் எம்முறையில் வருகிறது, கார்டு எம்முறையை அறியும் என்ற இரண்டையும் விசாரித்த பின்னரே பணப்பையை அவிழ்க்க வேண்டும். உழைக்கவல்ல யந்திரத்தைக் குப்பையில் எறிவது வீட்டுக்கும் அழகன்று; நாட்டுக்கும் அழகன்று.