செவிப்புலன் மீளுமோ?

இராசபாளையத்தினின்று தென்காசி நோக்கிச் செல்லும் சாலையில் சேற்றூரை அடுத்துள்ள தேவதானம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் தென்னந்தோப்புகளுக்கும் வயல்களுக்கும் நடுவே அமைந்த ஊர். சென்ற கோடை விடுமுறையில் எம் சமூக சேவைக் குழுவினர் சிலர் அங்குப் பத்து நாள் தங்கியிருந்தோம். ஊருணிக் கரையைச் சீர்செய்தலும் பள்ளிச் சிறார்க்குப் பாடஞ் சொல்லுதலுமே எமக்கு இட்ட பணி. ஆயினும் ஒரு மாலைப்பொழுதில் ஒரு வீட்டுத் திண்ணையில் யாம் கேட்ட செய்தியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று; ஆதலின் அதனை முதற்கண் கூறுவோம்.

அவ்வீட்டுப் பெரியவர் சத்திரப்பட்டியில் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிப் பட்டறைகளில் முப்பதாண்டுக்கு மேல் உழைத்தவர். இப்பொழுது அவரோடு உரையாட வேண்டுமாயின் காதருகே சென்று கூவ வேண்டும். அவருடைய பேத்திக்கு மூன்று வயது. பின்னே பித்தளைத் தாம்பாளம் விழுந்தாலும் அக்குழந்தை திரும்பிப் பார்ப்பதில்லை; ஒரு சொல்லும் இன்னும் பேசவில்லை. அரசாங்க மருத்துவர் இருமுறை சோதித்து, உட்செவியிற் பொருத்தும் காக்ளியர் கருவிக்கு எழுதிக் கொடுத்தும் வீட்டார் இணங்கவில்லை. அதற்குக் காரணம், குழந்தையின் மாமன் கைப்பேசியிற் கண்ட செய்தி ஒன்று. காதினுள் அழிந்துபோன உயிரணுக்களை மீண்டும் முளைக்கச் செய்யும் மருந்தை மேனாட்டார் கண்டுவிட்டனர் என்பதே அது. இதற்கிடையில் தொலைவிலுள்ள நகரத்து மருத்துவ நிலையம் ஒன்று, மூல உயிரணுக்களை ஊசி வழியே செலுத்திச் செவிப்புலனை மீட்பதாகச் சொல்லிச் சில இலட்சங்கள் கேட்டிருந்தது. தோப்பிற் பாதியை விற்க விலையும் பேசியாயிற்று. "பச்சைப் பிள்ளையின் மண்டையைக் கீறிக் கருவி வைப்பானேன், தம்பி? இரண்டு வருஷத்தில் மருந்தே வந்துவிடுமாமே!" என்றார் பாட்டியார். விஞ்ஞான மாணவர் என்று பெயர் படைத்த எம்மால் அன்று அவருக்கு விடையிறுக்க இயலவில்லை. அந்நாணமே எம்மை நூல்நிலையத்திற்கு அனுப்பிற்று.

செவிப்பறையைத் தாக்கும் ஒலி மூன்று சிற்றெலும்புகளின் வழியே நத்தைக்கூடு போற் சுருண்ட உட்செவியை அடைகின்றது. அங்கே நான்கு வரிசைகளாக நிற்கும் நுண்மயிர் உயிரணுக்கள் அவ்வதிர்வினை மின்குறிப்பாக மாற்றி நரம்பிற்கு அளிக்கின்றன. இவ்வுறுப்பினை இத்தாலியராகிய கார்ட்டி என்பார் 1851-இல் விவரித்தார். கண்ணினுள் ஒளியை ஏற்கும் உயிரணுக்கள் பத்துக் கோடிக்கு மேல் உள. ஒரு காதிலுள்ள மயிர் உயிரணுக்களோ ஏறத்தாழ 15,000 மட்டுமே. இவை தாய் வயிற்றிலேயே அமைந்துவிடுகின்றன. பேரோசையாலோ, மூப்பினாலோ, ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற சில மருந்துகளாலோ அழிந்தவை மனிதரிடத்து மீண்டும் தோன்றுவதில்லை.

பாலூட்டும் உயிர்கள் அனைத்திற்கும் இதுவே விதி. மீனும் தவளையும் இவ்வுயிரணுக்களைத் தம் வாழ்நாளிற் புதிதாக ஆக்கிக்கொள்ளும் என்பது முன்பே தெரிந்ததுதான். பறவைகளைப் பற்றி அவ்வாறு எவரும் கருதவில்லை. 1987, 1988 ஆகிய ஆண்டுகளில் கோட்டாஞ்சி, கார்வின், ரூபெல், ரையல்ஸ் முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் கோழிக்குஞ்சு, காடை ஆகியவற்றின் உட்செவியைப் பேரோசையாற் சிதைத்துச் சில நாள் கழித்து நோக்கியபோது, அழிந்த இடத்திற் புதிய மயிர் உயிரணுக்கள் முளைத்து நிற்கக் கண்டனர். அருகே நின்று தாங்கும் உயிரணுக்களே, பிளவுற்றோ நேரே உருமாறியோ, அவ்விடத்தை நிரப்பின. சில வாரங்களில் அப்பறவைகள் மறுபடியும் ஒலியை உணர்ந்தன. நம் வீட்டுக் கொல்லையிற் கிளறித் திரியும் கோழிக்கு வாய்த்த பேறு நமக்கு வாய்க்காமற் போனது ஏன் என்னும் வினாவே, அன்று முதல் இத்துறையை நடத்தி வருகின்றது எனலாம்.

அதன்பின் வந்தவை பல, சிலவற்றையே கூறுவோம். அட்டோ-1 என்னும் மரபணு இன்றி மயிர் உயிரணு பிறவாது என்பது 1999-இல் எலிகளிடத்து நிறுவப்பட்டது. 2005-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் அம்மரபணுவைச் செவியிழந்த கினி எலிகளின் காதிற் செலுத்தி, புதிய மயிர் உயிரணுக்களையும் ஓரளவு செவிப்புலனையும் பெற்றனர். 2013-இல் ஹார்வர்டைச் சார்ந்த ஆராய்ச்சியாளர், மரபணுவைத் தொடாமல் மருந்து ஒன்றினாலேயே எலிகளிடத்து அத்தகைய மாற்றத்தைச் சிறிதளவு காட்டினர். இவற்றைப் படித்தபோது எமக்கும் அந்த மாமனைப் போலவே உள்ளம் பொங்கிற்று என்பதை மறைப்பானேன்?

ஆனால் மனிதரிடத்துச் செய்த சோதனைகள் அவ்வாறு பலிக்கவில்லை. எப்எக்ஸ்-322 என்னும் மருந்து பெரும் ஆரவாரத்துடன் சோதிக்கப்பெற்றது. 2021 மார்ச்சில் வெளியான முடிவில், வெறும் ஊசி பெற்றவரினும் மருந்து பெற்றவர் சிறந்து கேட்டாரில்லை. 2023 பிப்ரவரியில் அம்முயற்சியே கைவிடப்பட்டது. ஐரோப்பாவில் 'ரீகெய்ன்' என்னும் பெயரால் நடந்த மற்றொரு சோதனையின் முடிவு 2024-இல் வெளியாயிற்று. மருந்தினாற் பெருந்தீங்கு இல்லை. கருதிய பயனும் இல்லை. இதன் காரணம் ஒருவாறு விளங்குகின்றது. ஓர் உயிரணுவை முளைப்பித்தால் மட்டும் போதாது. அது உள்வரிசைக்குரியதா, வெளிவரிசைக்குரியதா என்று தீர்மானித்தல் வேண்டும். அத்தீர்மானத்தைச் செய்யும் மரபணு டிபிஎக்ஸ்-2 என்பது 2022-இல்தான் தெரியவந்தது. பிறகு அது முதிர வேண்டும். நரம்போடு இணைய வேண்டும். காது சிதைந்து நெடுநாள் சென்றபின் அந்நரம்பு இழைகளும் தேய்ந்து போவதுண்டு.

சீனத்தில் ஃபூடான் பல்கலைக்கழகத்தார் 2024 ஜனவரியில் வெளியிட்ட செய்தியைச் சிலர் இதனோடு சேர்த்துப் பேசுகின்றனர். ஓட்டோஃபெர்லின் என்னும் புரதம் இன்றிப் பிறந்த ஆறு குழந்தைகளுக்கு நல்ல மரபணுவைச் செலுத்த, ஐவர் கேட்கத் தொடங்கினர். வியக்கத்தக்க செயலே. எனினும் அக்குழந்தைகளுக்கு மயிர் உயிரணுக்கள் அழியவில்லை. அவை இருந்தும் செய்தியை நரம்பிற்குத் தர இயலாது நின்றன. மரபுவழிக் கேளாமைக்குக் காரணமாகும் மரபணுக்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. நம் நாட்டிற் பெரிதும் காணப்படுவது கனெக்சின்-26 என்னும் மரபணுவின் குறை. தாய்மாமனையும் முறைப்பெண்ணையும் மணக்கும் வழக்கம் மிகுந்த நம் பகுதியில் இவ்வகைக் கேளாமை கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. தேவதானத்துக் குழந்தையின் பெற்றோரும் அத்தகைய உறவினரே. ஒரு மரபணுவுக்குப் பலித்த மருந்து மற்றொன்றிற்கும் பலிக்கும் என்று எண்ணுதல், ஒரு பூட்டின் திறவுகோலை ஊர்ப் பூட்டுகளுக்கெல்லாம் இட்டுப் பார்ப்பது போலாம்.

ஆகவே, உட்செவி உயிரணுக்களை மீண்டும் வளர்க்கும் ஆராய்ச்சி மெய்யானது, ஆதரிக்கத்தக்கது என்பதும், அதன் பயன் அக்குழந்தைக்கு உரிய காலத்தில் எட்டுமென்று நம்பிக் காத்திருத்தல் தகாது என்பதும் எமது துணிபு. உரிய காலம் என்றது ஏனெனில், மொழியைக் கற்கும் மூளைப்பகுதிகள் முதற் சில ஆண்டுகளிலேயே பெரிதும் உருப்பெறுகின்றன. அப்பருவத்தில் ஒலியோ சைகையோ, ஏதேனும் ஒரு மொழி அக்குழந்தையைச் சென்று சேர்தல் வேண்டும். அஃது இல்லாதவிடத்துப் பத்தாண்டு கழித்து அமுதமே வரினும், புதிய காதினுள் நுழையும் ஒலியைப் பொருளாக்க மூளை ஆயத்தமாயிராது.

காக்ளியர் கருவி நம் மாநிலத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ்ப் பொருத்தப்படுகின்றது. அதனோடு பேச்சுப் பயிற்சியும் இன்றியமையாதது. கருவியைப் பேணும் செலவும், பயிற்சிக்கென நகரத்திற்குச் சென்று திரும்பும் கூலியிழப்பும் சிற்றூரார்க்குப் பாரமே. அவற்றைப் பற்றி அரசினர் இன்னும் சிந்தித்தல் நலம்.

மூல உயிரணு ஊசியைப் பற்றி ஒன்றே சொல்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, இரத்தம் சார்ந்த சில நோய்களுக்கன்றிப் பிறவற்றிற்கு அதனைச் சோதனையாக மட்டுமே செய்யலாம். சோதனைக்கு உட்படுவோரிடம் அதன்பொருட்டுப் பணம் பெறுதல் முறையன்று. இலட்சங்கள் கேட்பவர் எவராயினும் அவரிடம் தோப்பை இழக்க வேண்டா.

நிற்க. "காது கேளாமை நோயன்று, கேளாதார் தமக்கென ஒரு மொழியும் வாழ்வும் உடையர், அவரைத் திருத்த முற்படுதலே பிழை" என்பாரும் உளர். அவ்வுரையை நாம் எளிதில் தள்ளலாகாது. பாளையங்கோட்டையில் புளோரென்ஸ் சுவெயின்சன் அம்மையார் 1897-இல் தொடங்கிய கேளாதார் பள்ளி, மரபணு என்னும் சொல்லே பிறவாத காலத்தில், கேளாச் சிறுவரும் கல்வி பெறுவர் என்று மெய்ப்பித்துக் காட்டியது. கருவி பொருந்தாத குழந்தைகளும், அதனை விரும்பாத பெற்றோரும் என்றும் இருப்பர். ஆராய்ச்சியின் புகழில் மயங்கி இத்தகைய பள்ளிகளுக்குச் செல்லும் பொருளைக் குறைப்பாராயின் அதனை யாம் வன்மையாக எதிர்ப்போம். குழந்தைக்குச் சைகையைக் கற்பித்தால் பேச்சு வராது என்னும் அச்சத்தையும் யாம் ஏற்கவில்லை.

இனிப் பெரியவரைப் பற்றி. பேத்தியின் கேளாமை பிறப்போடு வந்தது. அவருடையதோ தடுத்திருக்கக் கூடியது. தறியில் நாடா பாய்ந்து மோதும் ஓசை, பல தறிகள் ஒருங்கே ஓடும் கொட்டகையில், 90 டெசிபலை எளிதிற் கடக்கும். எட்டு மணி நேர உழைப்பிற்கு நம் தொழிற்சாலை விதிகள் வகுத்த எல்லையே 90 தான். அதுவும் மிகுதி என்பார் பலர். சிறு பட்டறைகளில் அதனை அளப்பார் யார்? தேவதானத்துக் கோயிலில் எழுந்தருளிய இறைவர்க்கு நச்சாடை தவிர்த்தவர் என்பது பெயர். பாண்டியனுக்கு வந்த நஞ்சு தோய்ந்த ஆடையைத் தவிர்த்தருளினார் என்பது தலபுராணச் செய்தி. அவ்வூர்ப் பெரியவரோ பிறர் புண்ணைக் கட்டும் துணியை நெய்து தம் செவியை இழந்தார். "கொட்டகையில் எல்லாருக்கும் இப்படித்தான்" என்று அவர் சிரித்துக்கொண்டே கூறியதுதான் எமக்குப் பெரிதும் வருத்தம் தந்தது. சில ரூபாய் பெறும் காதடைப்பான்கள் காத்திருக்கக்கூடிய ஒன்றினை, பல்லாயிரங் கோடி செலவிட்டும் உலகத்து ஆய்வுக்கூடங்கள் இன்னும் மீட்க இயலாமல் நிற்கின்றன.

விடுமுறை முடியுமுன் யாம் மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்று, படித்தவற்றை இயன்றவரை எளிமையாகக் கூறினோம். மாமன் சினந்தார், பாட்டியார் ஒன்றும் சொல்லவில்லை. தாய் மட்டும் மருத்துவரின் சீட்டை அரிசிப் பானைக்கு அடியிலிருந்து எடுத்துவந்து, அதில் எழுதியிருந்த நாள் கடந்துவிட்டதா என்று கேட்டார். கடந்திருந்தது. மறுநாள் எம்முள் இருவர் அவருடன் சென்று வேறு நாள் வாங்கிக் கொடுத்தனர்.

வருகின்ற டிசம்பர் விடுமுறையில் பௌதிகத் துறையின் ஒலியளவிக் கருவியுடன் சத்திரப்பட்டிப் பட்டறைகளுக்குச் சென்று, உரிமையாளர் இசையும் இடங்களில் ஓசையை அளந்து எழுதிவர எண்ணியுள்ளோம். தேவதானம், சேற்றூர், இராசபாளையம் பக்கத்து மாணவர் சிலரேனும் உடன்வரின் பட்டறைகளில் அறிமுகம் எளிதாகும். அன்னோர் நவம்பர் இறுதிக்குள் எம் குழுவினரிடம் பெயர் கொடுப்பாராக.