பாட்டுக்கும் கூலி உண்டு!



நான் ஆசிரியராக இருந்தபோது, திருச்செங்கோடு கடைவீதியில் பிடித்த பாடல்களை எழுதிக் கொடுத்தால், காலி கேசட்டில் பதிந்து தருவர். நானும் பதிந்திருக்கிறேன். நான் கொடுத்த பணத்தில் பாட்டை உருவாக்கியவர்களுக்கு ஒரு பைசாவும் போகாது என்பது அன்று உறைக்கவில்லை.

2005ல் யூ டியூப் வந்தது. யார் வேண்டுமானாலும் பாட்டை ஏற்றவே, இசை நிறுவனங்கள் பதறின. 2006ல் வார்னர் மியூசிக் நிறுவனம் அதனுடன் கை கோர்த்து, விளம்பர வருமானத்தில் பங்கு கேட்டுப் பெற்றது. நம் தமிழிலும், 'ஒய் திஸ் கொலவெறி டி' பாட்டு முன்கூட்டியே கசிந்தது. சோனி மியூசிக் புலம்பிக் கொண்டிருக்கவில்லை. 2011 நவம்பரில் தானே யூ டியூபில் வெளியிட்டது. படம் வருமுன்பே பாட்டு உலகைச் சுற்றிவிட்டது!

இது நல்ல மாற்றம்தான். ஆனால், நிறுவனம் மட்டும் சம்பாதித்தால் போதுமா? பாடலாசிரியருக்கும், இசையமைப்பாளருக்கும் பங்கு உண்டு என்கிறது, 2012ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம். அது ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும்.

நாமும் திருட்டுத்தனமாக இறக்கிப் பரப்பாமல், முறையாக வெளியிட்ட இடத்தில் கேட்போம். கூடவே, பாட்டை எழுதியவர் யார் என்றும் தேடிப் படியுங்கள். உழைத்தவர் பெயரை அறிவதும் மரியாதைதான், செல்லங்களே!