சிகிரியா: பழிவாங்கும் கதையில் பேர் இல்லாத இரண்டு பெண்கள்

தம்புள்ளையில இருந்து சிகிரியாவுக்கு பஸ் ஏறுற எங்களில கனபேர் போறது ஓவியமும் சிங்கப் பாதமும் பார்க்கத்தான். ஆனா அந்தக் கல்லுக்குப் பின்னால இருக்கிறது அசல் பழிவாங்கும் துன்பியல்.

எலிசபெத் காலத்து இங்கிலாந்தில் இந்த வகை நாடகத்துக்குப் பெரிய கூட்டம் சேர்ந்தது. தோமஸ் கிட் 1580களில் எழுதிய 'ஸ்பானியத் துன்பியல்' அதற்கு வழி போட்டது. சேக்ஸ்பியரின் 'ஹம்லெட்' பிறகு வந்தது. அமைப்பு எளிது. அநியாயம் நடக்கும், அதைச் செய்தவர்கள் அரண்மனைக்குள்ளேயே இருப்பதால் நீதி கிடைக்காது, பாதிக்கப்பட்டவர் தானே கையில் எடுப்பார். கடைசியில் பழிவாங்கினவரும் மிஞ்சமாட்டார். எங்கட சினிமா மாதிரி வில்லன் விழுந்ததும் கதை முடியாது. முழுக் கணக்கையும் காட்டித்தான் திரை விழும்.

சூளவம்சம் சொல்லும் கதையும் இதுதான். தாதுசேன மன்னனின் மகளை, அவளுடைய கணவனான சேனாதிபதி மிகாரன் குற்றமில்லாமல் சவுக்கால் அடிக்கிறான். மன்னன் கோபத்தில் மிகாரனின் தாயை, அதாவது தன் சொந்தச் சகோதரியை, எரித்துக் கொல்ல வைக்கிறான். மிகாரன் பழிவாங்க, மன்னனின் மகன் காசியப்பனைத் தூண்டிவிடுகிறான். தகப்பன் கொல்லப்படுகிறான், தம்பி முகலன் இந்தியாவுக்கு ஓடுகிறான். 18 வருசம் கழித்துப் படையோடு திரும்பி வருகிறான். 495இல் நடந்த போரில், காசியப்பனின் யானை சேற்றைக் கண்டு திரும்ப, அரசன் ஓடுகிறான் எண்டு நினைச்சுப் படை கலையுது. காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கிறான்.

கதை எங்கே தொடங்குது? வழக்கமாக நாங்கள் 'தகப்பனைக் கொன்ற மகன்' எண்டுதான் தொடங்குவம். முகலனுக்கும் கணக்கு அங்கேதான் ஆரம்பம். மிகாரனைக் கேட்டால் தாயின் நெருப்பைச் சொல்லுவான். தன் சவுக்கைச் சொல்லமாட்டான். ஆளாளுக்குத் தன் காயம்தான் முதல் காயம். இந்த நாட்டில் வளர்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எந்த ஆண்டில் இருந்து எண்ணத் தொடங்குறம் எண்டதிலேயே பாதித் தீர்ப்பு முடிஞ்சிடுது.

அடிவாங்கின மகளுக்கும் எரிக்கப்பட்ட தாய்க்கும் சூளவம்சம் பேர் தரவில்லை. அவர்கள் பேரில் பழி நடக்குது, அவர்களிடம் ஆரும் எதுவும் கேட்கேல்ல. கிட் தன் நாடகத்தில் பெல் இம்பீரியாவுக்குப் பேரும் பேச்சும் கையில் கத்தியும் குடுத்தார். எங்கட கதையில் அந்த இடம் இன்னும் வெறுமையாத்தான் கிடக்கு.

காசியப்பன் கதையை அரங்கேற்ற நினைக்கிற நண்பர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: முதல் காட்சியை அரண்மனையில் இருந்து தொடங்காதீங்க. அந்த மகளின் வீட்டில் இருந்து தொடங்குங்க. அவள் என்ன கேட்டிருப்பாள்? இன்னொரு பெண்ணை எரிக்கச் சொல்லியா கேட்டிருப்பாள்?